ஏழாம் எண் மாவு

மரவள்ளி மாவு வாங்குகிறவர்கள் முதலில் வெண்மையைத்தான் பார்க்கிறார்கள். வெண்மையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தோலை ஆழமாகச் சீவினால் எந்தக் கிழங்கும் வெள்ளையாகத்தான் அரைபடும். அடுத்த முறை ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் நார் அதிகம். கீச்சென்று சன்னமாகச் சத்தம் வந்தால் ஸ்டார்ச் நன்றாக இருக்கிறது.

நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும். எதையும் விடாமல் எழுதச் சொன்னீர்கள். இங்கிருந்து தொடங்கினால்தான் எனக்கு மற்றது எழுத வரும்.

மரவள்ளி ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வேதியியல் பட்டம், ஒன்பது வருட அனுபவம். சன்னலோரம் தராசு, நடுவில் கல்மேடை, சுவரையொட்டி உலர்த்தும் அடுப்பு. அடுப்பின் மேல் யாராவது சாப்பாட்டு டப்பாவைச் சூடாக வைத்திருப்பார்கள். வைக்கக் கூடாது என்று நான் எழுதி ஒட்டிய தாளின் மேல்தான் டப்பா சாய்ந்து நிற்கும்.

போன வருடம் பதினோரு ரகங்கள் வந்தன. பெயர் கிடையாது, எண்கள்தான். பெயர் தெரிந்தால் மனது ஒரு பக்கம் சாயும் என்பார் தலைமை வேதியியலர். இரண்டாம் எண்ணின் ஸ்டார்ச் நன்றாக உப்பும், ஆனால் கிளறக் கிளறக் கூழ் இளகிவிடும். நான்காவது கலங்கலாக இருக்கும். மூன்றாம் எண் இனிப்பு ரகம்; அதைப் பற்றிச் சொல்ல நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஏழாம் எண்தான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. அதன் கூழ் கண்ணாடி போல இருந்தது. பத்து நாள் குளிரில் வைத்தும் ஒரு சொட்டு நீர் பிரியவில்லை.

ஆனால் அது கசப்பு ரகம். கசப்புக் கிழங்கில் சயனைடு அதிகம். ஸ்டார்ச் எடுக்கும்போது கிழங்கை அரைத்துத் திரும்பத் திரும்பக் கழுவுகிறோம். கெட்டது தண்ணீரோடு போய்விடுகிறது. மாவு அப்படி அல்ல. முழுக் கிழங்கையும் காயவைத்து அரைப்பது. கிழங்கில் இருந்ததில் ஒரு பங்கு மாவிலும் தங்கிவிடும். ஒரே கிழங்கு, இரண்டு பொருள்கள். ஒன்றைக் கழுவினோம், மற்றதைக் கழுவவில்லை.

எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளப்பது என் வேலை. எல்லையைத் தாண்டினால் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுத வேண்டும். ஏழாம் எண்ணின் மாவுக்கு நான் நீல மையால் எழுதினேன். மூன்றாம் எண்ணுக்கு வந்த அளவைக் கொஞ்சம் மாற்றி ஏழுக்கும் போட்டேன். அந்தப் பக்கத்தைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. அளவில் தேறிய மாவை, ஒரு ரகத்துக்கு ஒரு வீடு என்று, ஊழியர்களின் வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவார்கள். கூடவே ஒரு தாள். நிறம், மணம், மென்மை, கசப்பு, மீண்டும் சாப்பிடுவீர்களா என்று ஐந்து பத்திகள். நாக்கு மழுங்கக் கூடாது என்பதால் தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் சாப்பிட வேண்டும். வாரம் ஒரு தாள், ஆறு மாதம். நாள்பட நாள்பட மாவின் சுவை மாறுகிறதா என்று பார்ப்பதற்கு. பெரும்பாலான தாள்கள் வேலைக்கு வரும் வழியில் பேருந்தில்தான் நிரப்பப்படுகின்றன. சல்லடைப் பிரிவில் ஒருவர் மூன்று வருடமாக எல்லா மாவுக்கும் எட்டு மதிப்பெண் போட்டு வருகிறார். அவர் வீட்டில் அந்த மாவில் பசை காய்ச்சிப் பிள்ளைகளின் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறார்கள்.

என் மனைவி அப்படி அல்ல. கட்டடப் பொறியாளர் ஒருவரின் அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் எழுதும் எண்கள் அச்சுப் போல இருக்கும். ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நேரத்தில் நான் பேசினால் கையைக் காட்டி அடக்குவாள். ஒருமுறை, மணம் என்ற பத்தியில் ‘லேசான புகை’ என்று எழுதிக் கொடுத்தாள். தேடிப் பார்த்ததில் உலர்த்தும் கூடத்தின் குழாயில் ஒரு விரிசல் இருந்தது. “உங்க வீட்டம்மா நாக்கை நம்ம கருவிப் பட்டியல்ல சேர்த்துடலாம்” என்றார் தலைமை வேதியியலர். அவளிடம் சொன்னபோது, வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் போடுவார்களா என்று கேட்டாள்.

அவள் வருவதற்கு முன்னால் ஐந்து வருடம் அந்த வீட்டில் தனியாக இருந்தேன். மூன்றாம் மாடி, இரண்டு அறைகள். ஒற்றை ஆள் வீட்டில், காலையில் கரண்டியை எங்கே வைத்தோமோ மாலையில் அங்கேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பேசாமல் இருந்துவிட்டுத் திங்கள் காலை பேருந்து நடத்துநரிடம் ஊர் பெயரைச் சொல்லும்போது குரல் கரகரவென்று வரும். அவள் வந்த பிறகு கரண்டி இடம் மாறியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

திருமணமாகி இரண்டாவது வருடம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. குடிநீர்த் துறையில் நிரந்தர வேலை. அந்த ஊர், ரயிலில் எட்டு மணி நேரத் தூரம்.

“மாசத்துக்கு ரெண்டு தடவை வந்துடுவேங்க. ஏறி உட்கார்ந்து கண்ணை மூடித் திறந்தா வீடு.”

நான் சரி என்றேன்.

“வாய் சரிங்குது. மூஞ்சி மழைக்கு ஒதுங்கின மாதிரி நிக்குது” என்றாள்.

அவள் தூங்கப் போன பிறகு கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். கடைசிப் பத்தியில், சேரும் நாளில் உடல் தகுதிச் சான்று கொண்டுவர வேண்டும் என்று இருந்தது.

மறுநாள் அவளிடம் ஒரு விஷயம் சொன்னேன். ஏழாம் எண் மாவிலும் தேறிவிட்டால் நிர்வாகம் அந்த ஊரில் ஒரு புதிய ஆலை தொடங்கும். அதன் ஆய்வகம் என் பொறுப்புக்கு வரும். ஆறு மாதம் பொறுத்தால் இருவரும் சேர்ந்தே போகலாம். இதில் ஒன்றும் உண்மை இல்லை. அந்த ஊரில் மரவள்ளியே விளைவதில்லை. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். துறைக்கு எழுதி அவகாசம் கேட்டாள். மூன்று மாதம் கொடுத்தார்கள். அதற்கு மேல் வேண்டுமானால் மருத்துவச் சான்று அனுப்ப வேண்டும் என்றார்கள்.

அவளைத் துன்புறுத்தும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. தேதி தள்ளிப்போனால் போதும். கொஞ்சம் தலைசுற்றல், கொஞ்சம் சோர்வு, ஒரு மருத்துவச் சான்று. மாவில் எந்த அளவு என்ன செய்யும் என்று தெரிந்த ஆள் நான். கை மீறாமல் பார்த்துக்கொள்ள முடியும் என்று நினைத்தேன்.

அந்த வாரம்தான் பதிவேட்டில் நீல மையால் எழுதினேன். சமையலை நான் எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி இரண்டு டப்பாக்கள் வாங்கினேன். எந்த எண் என்று வீட்டில் சொல்லக் கூடாது என்பது விதி. நான் சொல்லிவிட்டேன். தன் முன்னால் இருப்பது ஏழாம் எண் என்று அவளுக்குத் தெரியும். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். அதே ரொட்டி, அதே கஞ்சி, பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. என்னுடையது மூன்றாம் எண்.

முதல் மாதம் தலைவலி என்றாள். இரண்டாம் மாதம் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொறியாளர் அலுவலகத்துக்குப் போவதை நிறுத்தினாள். மருத்துவர் நரம்புத் தளர்ச்சி என்றார், சத்து மாத்திரை கொடுத்தார், சான்றும் கொடுத்தார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். வீட்டுச் சாப்பாடுதான் என்றேன். அது நல்லது என்றார்.

தரைத் தளத்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா மதியத்தில் மேலே வந்து இவளோடு உட்கார்ந்திருப்பார். “மூணு மாடி ஏறி வர்ற எனக்கு மூச்சு வாங்கல, உட்கார்ந்திருக்கிற உனக்கு வாங்குது. என்னடி கணக்கு இது?” என்று ஒருநாள் கேட்டுக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். தினமும் இந்த ஒரே மாவைத் தின்றால் உடம்பில் என்ன ஒட்டும் என்று என்னிடமும் சண்டைக்கு வந்தார். ஆலை விதி என்று சொன்னேன். உங்கள் ஆலையை இழுத்து மூட என்று திட்டிவிட்டு இறங்கிப் போனார்.

நான்காம் மாதம் அவள் கால்கள் விறைத்தன. முழங்காலை மடக்க முடியாமல், பொம்மையை நடக்க வைப்பது போல நடந்தாள். அந்த அளவுக்குப் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்றே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் தேறுவாள், தேறினால் சான்று முடிந்துவிடும். நிறுத்தவில்லை.

உள்ளதைச் சொல்வதென்றால் அந்த மாதங்களில்தான் நான் நிம்மதியாக இருந்தேன். மாலையில் தெருமுனை திரும்பும்போதே மூன்றாம் மாடியில் விளக்கு எரிவது தெரியும். கட்டிலிலிருந்து அவளைத் தூக்கிச் சன்னலோர நாற்காலியில் உட்கார வைப்பேன். ஆய்வகத்தில் நடந்ததையெல்லாம் சொல்வேன். அவள் பலகையை மடியில் வைத்து அந்த ஊரில் எங்களுக்கு வேண்டிய வீட்டை வரைந்துகொண்டிருப்பாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, கிழக்குச் சன்னலுக்குக் கீழே ‘இவர் மேசை’ என்று எழுதிய ஒரு சின்னச் செவ்வகம். கை நடுங்கத் தொடங்கியதும் அளவுகோல் வைத்தும் கோடு நேராக வரவில்லை. “இந்தச் சுவரைப் பார்த்தா வாடகைக்குக்கூட யாரும் வரமாட்டாங்க” என்று சொல்லி அழித்துவிட்டு மறுபடி வரைவாள்.

வாரா வாரம் தாளை நிரப்பிக் கொடுத்தாள். ‘கசப்பு’ என்ற பத்தியில் எல்லா வாரமும் சுழி. இதைப் பற்றி நான் நிறைய யோசித்துவிட்டேன். இரண்டாம் வாரம் அவள் ‘கசப்பு’ என்று எழுதியிருந்தால் டப்பாவை மாற்றியிருப்பேன். அவள் எழுதவில்லை. புகையைக் கண்டுபிடித்த நாக்கு.

ஆறாம் மாதம் அவளுடைய அண்ணன் வந்தார். நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். இரண்டு மாதமாக வெளியே இருந்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். தங்கையின் கால்களைத் தொட்டுப் பார்த்தார். என்னைக் கூடத்துக்கு அழைத்தார்.

“மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பார்த்துக்கிற மாதிரி யாரும் பார்த்துக்க முடியாது. ஆனா ஒரு மாசம் எங்க வீட்ல வச்சுக்கிறோம். பெரிய ஆஸ்பத்திரி நடக்கிற தூரத்துல இருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல வண்டியோட வர்றேன்.”

“அவளையே கேளுங்க மச்சான்.”

அவளைக் கேட்டார். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

“போயிட்டு வரட்டுமாங்க? நடந்துட்டேன்னா அந்த வேலையும் கைவிட்டுப் போகாது. நீங்க பின்னாலயே வந்துடுவீங்கல்ல?”

“வந்துடுவேன்.”

“இவ வந்து என் பொண்டாட்டி சமையலுக்கு மார்க் போடாம இருக்கணும். எனக்கு அது ஒண்ணுதான் பயம்” என்றார் அண்ணன். அவள் சிரித்தாள். அண்ணன் போனதும், மரக்கட்டை மாதிரி இருக்கிற காலுக்கு எந்தச் செருப்பை எடுத்து வைப்பது என்று என்னிடம் கேட்டாள்.

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை ஏழாம் எண்ணின் புதிய அரைப்பு ஒன்று ஆய்வகத்துக்கு வந்தது. அளந்து பார்த்தேன். பழையதை விடப் பல மடங்கு. அதை எங்கும் பதியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் பயணம் செய்ய முடியாத அளவு களைத்திருக்க வேண்டும். நான் நினைத்தது அவ்வளவே. ஒரு வாரம் தள்ளினால் அண்ணனுக்கு அடுத்த லாரி நடை வந்துவிடும், கிளம்பிவிடுவார்.

சனிக்கிழமை மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து ரொட்டி சுட்டேன். அவளுடைய பை கட்டிலின் மேல் திறந்தபடி இருந்தது. பாதி ரொட்டியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். போதுமென்றால் வைத்துவிடு என்று சொன்னேன். உங்களிடம் சொல்லவேண்டியது அது. நான் அப்படிச் சொன்னேன்.

“இல்லங்க, முழுசாச் சாப்பிட்டாத்தான் சரியா எழுத முடியும். கடைசித் தாளு. நான் இல்லாதப்ப உங்க ஏழாம் நம்பர் தோத்துடக் கூடாது.”

மீதியைச் சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டு வாங்கி அதையும் சாப்பிட்டாள். தாளை நிரப்பினாள். ‘மென்மை’ பத்தியில் எழுதிய ஒன்பது என்ற எண், கட்டத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது.

நான்கு மணிக்கு வாந்தி எடுத்தாள். பிறகு மூச்சு வேகமாக வந்தது. களைப்பு என்று நினைத்தேன். களைப்பைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டாள், எனக்குப் புரியவில்லை. மருத்துவரை அழைக்க நாற்பது நிமிடம் தாமதித்தேன். என்ன சாப்பிட்டாள் என்று கேட்பாரே என்ற யோசனையில் அந்த நேரம் போனது. அவர் வந்தபோது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆறு மாதமாகத் தளர்ந்த உடம்பு, இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய அண்ணன் சொன்னபடி வண்டியோடு வந்தார். செய்தி முந்தின இரவே அவருக்குப் போயிருந்தது. ஆனாலும் பின் இருக்கையில் அவளுடைய காலுக்காக வைத்த இரண்டு தலையணைகளை எடுக்காமலே வந்திருந்தார். என் தோளில் சாய்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அதிர்ச்சி என்றார்கள்.

ஐந்து மாதம் ஆகிறது. காலையில் வைத்த கரண்டி மாலையில் அங்கேயே இருக்கிறது. ஏழாம் எண் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். மூன்றாம் எண்ணைத்தான் இன்னும் சாப்பிடுகிறேன், பழகிவிட்டது. ஒருநாள் தெருமுனையில் நின்று மூன்றாம் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரையாவது தேடுகிறீர்களா என்று வழியில் போனவர் கேட்டார்.

போன வாரம் ரகத் தேர்வுக் குழு கூடியது. ஏழாம் எண்ணை மாவாகவும் விற்பது என்று முடிவாயிற்று. அச்சடித்த பொட்டலத்தின் மாதிரி ஒன்றைத் தலைமை வேதியியலர் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். “உங்க வீட்டம்மா கொடுத்த இருபத்தாறு தாளையும் பார்த்துட்டுத்தான் குழு ஒத்துக்கிச்சு. அந்த நாக்கு பொய் சொல்லாதுன்னு நான்தான் சொன்னேன்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டைத் திறந்து நீல மையைக் காட்டினேன். அவர் என் கையிலிருந்து பதிவேட்டை வாங்கி மூடிவைத்தார். “துக்கம் என்னென்னமோ சொல்ல வைக்கும் தம்பி. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க” என்றார். அதனால்தான் உங்களிடம் வந்தேன். பொட்டலம் அடுத்த மாதம் கடைகளுக்குப் போகிறது. குழந்தைகளும் சாப்பிடுவார்கள். பிழையான ஓர் எண்ணின் மேல் எதையும் கட்டக் கூடாது; அதை நான் எப்போதும் அனுமதித்ததில்லை. ஆய்வகப் பரணில் ஏழாம் எண்ணின் மாதிரி மூடி முத்திரையிட்டு இருக்கிறது. வேறு யாரையாவது கொண்டு அளந்து பாருங்கள்.

இங்கே வரும் வழியில் தையல் கடை அக்காவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். எங்கே போகிறேன் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. பிறகு மெதுவாக ஒன்று சொன்னார். “ரெண்டாம் வாரமே எங்கிட்ட சொன்னாப்பா. கசக்குதுக்கான்னா. அவர்கிட்ட சொல்லிடாதீங்க, இது தேறினாத்தான் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஊருன்னா.”

அக்கா நல்லவர். ஆனால் ஒரு வருடத்துக்கு முன்னால் கேட்ட பேச்சு அது. என்னிடம் தாள் இருக்கிறது, அவள் கையெழுத்தில்.

ஒரே ஒரு வேண்டுகோள். வழக்குக்காக அந்த இருபத்தாறு தாள்களையும் எடுத்துக்கொள்வீர்கள். கசப்பு என்ற பத்தியை அடித்துவிடுங்கள். அது தவறு என்று பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். ‘மீண்டும் சாப்பிடுவீர்களா’ என்ற கடைசிப் பத்தியை மட்டும் அடிக்க வேண்டாம். அங்கே எல்லாத் தாள்களிலும் ‘ஆம்’ என்று எழுதியிருக்கிறாள். யாரும் அவள் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. வேலைக்குப் போவது பற்றி என்ன பேசியிருந்தாலும், அவளுக்கு என்னோடு அந்த வீட்டிலேயே இருக்கத்தான் விருப்பம்.